எதிர்வீட்டில் விளக்கு எரிகிறதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடும்பப் படங்களையும் வீடியோக்களையும் வீட்டிலேயே ஒரு பெட்டி வாங்கிச் சேர்த்து வைக்கலாம் என்று சென்ற மாதம் உங்கள் ஞாயிறு இணைப்பில் ஒரு கட்டுரை படித்தேன். வீட்டு நெட்வொர்க்கில் மாட்டும், நாஸ் எனப்படும் அந்த ஹார்ட் டிஸ்க் பெட்டி என்ன விலை, உள்ளே எத்தனை ஹார்ட் டிஸ்க் போடலாம், செல்போனில் எப்படிப் பார்க்கலாம் எல்லாம் இருந்தது. ஆறு வருடமாக அப்படி ஒரு பெட்டியோடு மல்லுக்கட்டுகிறவன் நான். கட்டுரையில் ஒரு தவறு இருக்கிறது; அதைப் பின்னால் சொல்கிறேன். அதைவிடப் பெரிய குறை, வாங்கி வைப்பதோடு கட்டுரை முடிந்துவிட்டது. ஒரு நாள் காலையில் பெட்டி திறக்க மாட்டேன் என்றால் என்ன செய்வதென்று ஒரு வரி இல்லை. அந்த ஒரு வரி தெரியாததால் சென்ற ஜூன் மாதம் எங்கள் குடும்பத்தின் நாற்பது வருடப் படங்களை நானே காசு கொடுத்து அழித்துவிட்டு வந்திருப்பேன்.

நான் மின்வாரியத்தில் 1985-இல் ஹெல்பராகச் சேர்ந்து, 2019-இல் லைன் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவன். பெரும்பாலும் திருத்துறைப்பூண்டி வட்டாரத்திலேயே காலம் கழிந்தது. கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. பெட்டி எங்கள் வீட்டுக்கு வந்ததே கஜா புயலால்தான். 2018 நவம்பர் 16 விடியற்காலை வேதாரண்யம் பக்கம் கரையேறிய அந்தப் புயலுக்குப் பிறகு எங்கள் பிரிவில் விழுந்த கம்பங்களை எண்ணவில்லை, நிற்கிற கம்பங்களை எண்ணினோம். அதுதான் சுலபமாக இருந்தது. வெளி மாவட்டங்களிலிருந்து வந்த ஆட்களோடு சேற்றில் நின்று வேலை பார்த்துவிட்டு, ஒன்பது நாள் கழித்து ஒழுங்காக வீட்டுக்கு வந்து பார்த்தால், ஓடு பறந்த அறையில் இருந்த பீரோவில் தண்ணீர். கல்யாண ஆல்பம் ஒரே கட்டியாக ஒட்டியிருந்தது. என் மனைவி அதைப் பிரிக்கப் பார்த்தாள். படத்தில் இருந்த அவள் முகம், என் படம் இருந்த பக்கத்தோடு ஒட்டிக்கொண்டு உரிந்து வந்தது.

மிஞ்சியதை எல்லாம் சென்னையில் இருக்கும் மகன் எடுத்துப் போய் ஸ்கேன் செய்தான். நான்கு டெராபைட் டிஸ்க் இரண்டு போட்ட பெட்டி ஒன்றை வாங்கி, ஹாலில் ரூட்டருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான். என் மனைவி அதற்கு வைத்த பெயர் ‘போட்டோ பீரோ’. கஜா சமயத்தில் நாங்கள் போனில் எடுத்த படங்களும் அதில்தான்.

ஜூன் மாதம் எங்கள் பகுதிக்கு மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை. காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை. இன்வெர்ட்டர் பேட்டரி பழசு, மூன்று மணிக்கே கைவிரித்துவிட்டது. ஐந்தே காலுக்குக் கரண்ட் வந்தது. பெட்டியில் பச்சை விளக்கெல்லாம் எரிந்தது. மடிக்கணினியில் வழக்கமான இடத்தைத் தொட்டால், அப்படி ஒரு பாதையே நெட்வொர்க்கில் இல்லை என்றது. அணைத்துப் போட்டேன், இரண்டு முறை. அதே பதில்.

எதற்கெடுத்தாலும் கரண்ட் மேல் பழி போடுவது பொதுமக்கள் வழக்கம். அன்று நானும் பொதுமக்களில் ஒருவன் ஆனேன். சப்ளை திரும்பும்போது ஏதோ ஹை வோல்டேஜ் ஏறி டிஸ்க் அடிபட்டுவிட்டது என்று முடிவு கட்டி, மறுநாள் பெட்டியை மஞ்சள் பையில் போட்டு பக்கத்து நகரத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் பஸ் ஏறினேன்.

கடைத் தம்பி நல்ல பிள்ளை. டிஸ்க் ஒன்றைக் கழற்றித் தன் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தார். “பார்ட்டிஷன் இருக்கு சார், உள்ள ஃபைல் சிஸ்டமே காட்டல. டேட்டா போயிருச்சு” என்றார். “ரெக்கவரிக்கு வெளில அனுப்பினா முப்பத்தஞ்சாயிரம் ஆகும், அதுவும் கேரண்டி கிடையாது. வேண்டாம்னா ஃபார்மட் பண்ணித் தந்துடறேன், ஐந்நூறு ரூபா.”

முப்பத்தைந்தாயிரத்துக்கும் ஐந்நூறுக்கும் நடுவில் ஒரு பென்ஷன்காரன் எந்தப் பக்கம் சாய்வான்? சரி என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். உரிந்து போன ஆல்பம் ஞாபகம் வந்தது. “வீட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு வரேன் தம்பி” என்று பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். டிஸ்க் இரண்டிலும் மார்க்கரால் 1, 2 என்று நான் எழுதி வைத்திருந்ததால் எது எந்தப் பள்ளத்தில் இருந்ததோ அதிலேயே திரும்பப் போட முடிந்தது. பிரிக்கும் முன் குறி போடுவது தொழிலில் வந்த பழக்கம்.

வீட்டுக்கு வந்து, மனசு ஆறாமல் பெட்டியை மறுபடியும் அதே இடத்தில் மாட்டி வைத்தேன். சாயங்காலம் ஏழாம் வகுப்பு படிக்கும் பேத்தி டிவியில் எதையோ தேடிக்கொண்டிருந்தவள் சமையலறைப் பக்கம் பார்த்துக் கத்தினாள்: “தாத்தா, நீங்க கம்பத்து மேல நிக்கிற போட்டோ டிவில வருது!”

ஓடிப் போய்ப் பார்த்தேன். கஜா படங்கள் வரிசையாக ஓடின. கல்யாணம், மொட்டை, எங்கள் அம்மாவின் எண்பதாம் வயது எல்லாம் இருந்தன.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஃபியூஸ் கால் ஆபீசுக்கு யார் போன் செய்தாலும் நாங்கள் கேட்கும் முதல் கேள்வி, “எதிர்வீட்ல லைட் எரியுதா?” என்பது. எரிகிறது என்றால் டிரான்ஸ்ஃபார்மர் நன்றாக இருக்கிறது, லைன் நன்றாக இருக்கிறது, உங்கள் வீட்டுக்குள்தான் கோளாறு. எரியவில்லை என்றால்தான் ஏணியைத் தூக்க வேண்டும். முப்பத்து நான்கு வருடம் ஊரைக் கேட்ட கேள்வியை என் வீட்டு ஹாலில் நான் கேட்கவில்லை. மடிக்கணினியில் திறக்காதது டிவியில் திறக்கிறதா, செல்போனில் திறக்கிறதா என்று பார்த்திருந்தால் பஸ் செலவு மிச்சம்.

கடைத் தம்பி ஏன் அப்படிச் சொன்னார் என்பதையும் எழுதிவிட வேண்டும், ஏனென்றால் ஊருக்கு ஊர் இது நடக்கும். இந்தப் பெட்டிகளுக்குள் ஓடுவது பெரும்பாலும் விண்டோஸ் இல்லை, லினக்ஸ் என்ற வேறோர் இயங்குதளம். டிஸ்க்கில் அது எழுதும் முறை வேறு. விண்டோஸ் கம்ப்யூட்டரில் நேரே மாட்டினால் அதைப் படிக்கத் தெரியாது. சில சமயம் “ஃபார்மட் செய்யட்டுமா?” என்று கம்ப்யூட்டரே கேட்கும். எனக்குத் தெலுங்கு படிக்கத் தெரியாது. அதற்காகத் தெலுங்குப் பேப்பரை வெள்ளைத்தாள் என்று சொல்லி அதில் கணக்கு எழுதலாமா? டிஸ்க்கில் எல்லாம் இருந்தது. படிக்கத் தெரியாத இடத்தில் கொண்டுபோய்க் காட்டியது நான்.

இனி உண்மையான கோளாறு. ஃபீடர் என்கிற ஒரே மின்பாதையில் இரண்டு இடத்தில் ஃபால்ட் இருந்தால் லைன்மேன் பைத்தியம் பிடித்து அலைவான். ஒன்றைச் சரிசெய்துவிட்டுச் சார்ஜ் கொடுத்தால் மறுபடியும் டிரிப் ஆகும்; முதலில் செய்த வேலையே தப்போ என்று சந்தேகம் வந்துவிடும். எங்கள் வீட்டில் இருந்ததும் இரண்டு.

முதலாவது, விலாச எண். வீட்டு நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் ரூட்டர் ஓர் எண் கொடுக்கிறது. என் பெட்டி 192.168.1.7 என்ற எண்ணில் இருந்தது. மடிக்கணினியில் அந்த எண்ணைத்தான் மகன் எழுதி வைத்திருந்தான். மின்தடையில் ரூட்டரும் அணைந்து எழுந்தபோது, முதலில் கை நீட்டியவர்களுக்கெல்லாம் எண் கொடுத்துவிட்டது. டிவி, போன்கள், பேத்தியின் டேப்லெட் எல்லாம் முந்திக்கொண்டன. சாவகாசமாக நான்கு நிமிடம் கழித்து எழுந்த பெட்டிக்குக் கிடைத்தது 192.168.1.12. டிவி எண்ணைப் பார்ப்பதில்லை, “யாராவது படம் வைத்திருக்கிறீர்களா?” என்று தெருவில் நின்று கூவும்; அதனால் அதற்குப் பெட்டி கிடைத்துவிட்டது. மகன் போனில் சொல்லச் சொல்ல, ரூட்டரின் பக்கத்தைத் திறந்து அதில் உள்ள பட்டியலைப் பார்த்துக் கண்டுபிடித்தோம். அந்தப் பக்கத்திலேயே இந்தப் பெட்டிக்கு எப்போதும் இதே எண் என்று நிரந்தரமாக ஒதுக்கிவிட்டேன். வீட்டுக்கு மின் இணைப்பு எண் மாதா மாதம் மாறினால் பில் யார் வீட்டுக்குப் போகும்? இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். ஒருவேளை உங்கள் பெட்டியின் எண் 169.254 என்று தொடங்கினால், அது ரூட்டரிடமிருந்து எண்ணே வாங்கவில்லை, தானாக ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஒயரைப் பாருங்கள், ரூட்டர் முழுதாக எழுந்த பிறகு பெட்டியை ஒருமுறை அணைத்துப் போடுங்கள்.

புதிய எண்ணை அடித்தேன். பாதை இல்லை என்ற செய்தி போய், வேறு செய்தி வந்தது. உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கைகள் அடையாளம் காட்டாத விருந்தாளிகளை அனுமதிப்பதில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னது. எந்த நிறுவனம்? நான் ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகிறது. வாய்விட்டுப் படித்ததைக் கேட்ட என் மனைவி, “ஏங்க, பென்ஷன் ஆபீஸ்ல ஏதாவது நிறுத்திட்டாங்களா?” என்று பதறினாள்.

விஷயம் இதுதான். பெட்டியை வைத்தபோது மகன், அப்பாவுக்குப் பாஸ்வேர்ட் எல்லாம் ஞாபகம் இருக்காது என்று, யார் தட்டினாலும் பெயர் கேட்காமல் திறக்கும்படி விருந்தாளிக் கதவு ஒன்றை வைத்திருந்தான். ஆறு வருடம் அதன் வழியாகத்தான் போய் வந்தேன். என் மடிக்கணினி ஓர் அலுவலகத்தில் கழித்ததைச் சுத்தம் செய்து விற்றது. அதில் இருப்பது விண்டோஸ் 11 புரோ. அதற்கு 2024 கடைசியிலிருந்து வர ஆரம்பித்த 24எச்2 என்ற புதுப்பிப்பு, மின்தடைக்கு முந்தின ராத்திரி என் மடிக்கணினியில் ஏறியிருக்கிறது. அதற்குப் பிறகு புரோ பதிப்பு, பேசுவது இன்னார்தான் என்று ஒவ்வொரு செய்தியிலும் முத்திரை கேட்கிறது. விருந்தாளிக்கு முத்திரை ஏது? ஹோம் பதிப்பில் இந்தக் கெடுபிடி இல்லை. அதனால் ஒரே வீட்டில் ஒரு கம்ப்யூட்டரில் திறந்து இன்னொன்றில் திறக்காமலும் போகலாம், குழம்ப வேண்டாம்.

விண்டோஸ் மேல் எனக்குக் கோபம் இல்லை. கோபம் யூடியூப் வைத்தியர்கள் மேல். தேடிப் பார்த்தால் பத்துக்கு எட்டுப் பேர் சொல்வது, விருந்தாளியை விடு என்று விண்டோஸின் உள்ளமைப்பை மாற்று, முத்திரை கேட்பதை நிறுத்து, எஸ்.எம்.பி. ஒன்று என்ற பழைய வசதியை மறுபடியும் போட்டுக்கொள். எஸ்.எம்.பி. என்பது கம்ப்யூட்டர்கள் கோப்புகளைப் பகிரப் பேசும் பாஷை. நான் ஹெல்பராகச் சேருவதற்கு இரண்டு வருடம் முந்தி, 1983-இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் பிறந்தது. அதன் முதல் பதிப்பில் இருந்த ஓட்டை வழியாகத்தான் 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற கம்ப்யூட்டர் கிருமி உலகம் முழுக்கப் புகுந்து, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகள் அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போட்டன. ஓட்டையை அடைக்கும் திருத்தம் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சிலேயே வந்துவிட்டிருந்தது, போடாதவர்கள் மாட்டினார்கள். அதே வருடக் கடைசியிலிருந்து புதிய விண்டோஸ் 10-இல் அந்தப் பழைய பதிப்பைத் தானாகப் போடுவதையே நிறுத்திவிட்டார்கள்.

ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று கட்டையில் ஆணியைச் சொருகி வைத்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். விளக்கு எரியும். அப்புறம் வீடும் எரியும். யூடியூப்காரர்கள் சொல்வது அந்த ஆணி.

சரியான வழி பத்து நிமிட வேலை. பிரவுசரில் பெட்டியின் எண்ணை அடித்தால் அதன் நிர்வாகப் பக்கம் வரும். அதில் எனக்கென்று ஒரு பெயர், ஒரு பாஸ்வேர்ட் உண்டாக்கி, படங்கள் இருக்கும் கோப்புறையைத் திறக்க அந்தப் பெயருக்கு அனுமதி கொடுத்தேன். விருந்தாளிக் கதவை அடைத்தேன். மடிக்கணினியில் அந்தப் பெயரையும் பாஸ்வேர்டையும் ஒருமுறை கேட்டது. நான் வழக்கமாக மடிக்கணினியைத் திறக்கும் நாலு எண் பின்னை அடித்தேன். தப்பு என்றது. மறுபடியும் அடித்தேன். மறுபடியும் தப்பு. மகன் போனில் சிரித்தான். அந்தப் பின் அந்தக் கணினிக்கு மட்டும் தெரிந்த சங்கதி. பெட்டிக்கு அதுபற்றி ஒன்றும் தெரியாது, அதில் உண்டாக்கிய பாஸ்வேர்டைத்தான் கொடுக்க வேண்டும். கொடுத்தேன். திறந்தது.

கையோடு இன்னொன்றும் பிடிபட்டது. பெட்டியிலிருந்து பேத்தியின் காதுகுத்து வீடியோவை எடுக்கும்போது நொடிக்குப் பதினொரு மெகாபைட்டுக்கு மேல் ஏறவே இல்லை. மடிக்கணினியை ரூட்டரில் ஒயர் போட்டு மாட்டியும் அதே கதை. எனக்கு எண்களில் பழக்கம் உண்டு. பன்னிரண்டுக்குக் கொஞ்சம் கீழே போய் எங்கேயும் நகராமல் நின்றால், நொடிக்கு ஆயிரம் மெகாபிட் போக வேண்டிய ஜிகா ஒயர் நூறு மெகாபிட்டில் ஓடுகிறது என்று பொருள்; எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். பெட்டிக்கும் ரூட்டருக்கும் நடுவே இருந்த ஒயரின் முனையை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். உள்ளே எட்டுக் கம்பி இருக்க, நாலை மட்டும் பிளக்கில் ஏற்றியிருந்தார்கள். ஜிகாவுக்கு எட்டும் வேண்டும். நாலில் நூறுதான் போகும். ஒரு ஃபேஸ் இல்லாமல் முனகிக்கொண்டு ஓடும் மோட்டார் மாதிரி ஆறு வருடம் ஓடியிருக்கிறது. எட்டையும் ஏற்றிப் புதுப் பிளக் அடித்தேன், நொடிக்கு நூறு மெகாபைட்டைத் தாண்டியது. செலவு பிளக்குக்குப் பத்து ரூபாய்.

இப்போது கட்டுரையின் தவறு. இரண்டு டிஸ்க்கிலும் ஒரே தகவல் எழுதப்படுவதால் படங்கள் பத்திரம், வேறு நகல் தேவையில்லை என்று எழுதியிருந்தார்கள். ஒரு டிஸ்க் பழுதானால் இன்னொன்று காப்பாற்றும், உண்மை. ஆனால் 2022-இல் வீட்டைச் சுத்தம் செய்கிற மாதிரி பெட்டியையும் சுத்தம் செய்கிறேன் என்று உட்கார்ந்து, ஒரு கோப்புறையை நான் அழித்தேன். ஒரு டிஸ்க்கில் அழிந்த அதே கணத்தில் மற்றதிலும் அழிந்தது. பேத்தியின் மொட்டைப் படங்களில் பாதி அப்படிப் போனவைதான். மகன் போனில் இருந்த வரைக்கும் திரும்பக் கிடைத்தது. கிருமி வந்து பூட்டினாலும் இரண்டையும் சேர்த்துத்தான் பூட்டும். ஓடு பறந்தால் இரண்டும் சேர்ந்துதான் நனையும். ஒரே வீட்டில் ஒரே பெட்டிக்குள் இருக்கும் இரண்டை இரண்டு என்று எண்ணக் கூடாது என்பது டெல்டாக்காரனுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நான் இப்போது தனியாக ஒரு டிஸ்க்கில் நகல் எடுத்துத் திருச்சியில் மகள் வீட்டில் வைத்திருக்கிறேன். பொங்கலுக்கு ஒருமுறை, ஆடிப்பெருக்குக்கு ஒருமுறை போகும்போது கொண்டுவந்து புதுப்பித்துத் திருப்பிக் கொடுக்கிறேன்.

அந்த வரியைத் திருத்தி அடுத்த இணைப்பிலாவது ஒரு குறிப்பு போடுங்கள். முடிந்தால், பெட்டி திறக்காதபோது என்ன செய்வதென்று தனியாக ஒரு கட்டுரையும் தமிழில் போடுங்கள். கடைக்காரத் தம்பிகளுக்கும் உங்கள் மூலமாக ஒரு விண்ணப்பம்: நாஸ் பெட்டியில் இருந்து கழற்றிய டிஸ்க்கை விண்டோஸில் மாட்டிப் பார்த்துவிட்டு ‘டேட்டா போச்சு’ என்று சொல்லாதீர்கள். ஐந்நூறு ரூபாய்க்கு ஃபார்மட் என்று சொல்லும் முன், வீட்டில் வேறு எதிலாவது திறக்கிறதா என்று வந்தவரிடம் கேளுங்கள்.

என் பங்குக்கு, ஹால் வயரிங்கில் நான் செய்திருந்த ஒரு தப்பையும் சரிசெய்துவிட்டேன். ரூட்டர் இன்வெர்ட்டர் லைனிலும் பெட்டி நேரடி லைனிலும் இருந்தது. வயரிங் செய்தது வேறு யாரும் இல்லை, நான்தான். இப்போது இரண்டும் இன்வெர்ட்டரில். அதன் பின்னால் இருக்கும் சுவிட்சையும் யு.பி.எஸ். பக்கம் தள்ளிவிட்டேன், அப்போதுதான் மாறும் அந்தக் கண நேரத்தில் பெட்டி அணையாது. பேட்டரி மட்டும் பழசேதான், தீபாவளிக்குள் மாற்ற வேண்டும்.

அதுவரை உங்கள் பத்திரிகையின் ‘இன்றைய மின்தடை’ பகுதியை நம்பித்தான் இருக்கிறேன். இன்று எங்கள் துணை மின்நிலையம் பெயர் இருக்கிறது. மணி எட்டே முக்கால். பெட்டியை முறைப்படி அணைத்துவிட்டு வர வேண்டும், இத்துடன் முடிக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற லைன் இன்ஸ்பெக்டர் ஒருவர்,
திருத்துறைப்பூண்டி.